அவனுக்கு ஏன் சுடவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில், என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம்.

நான் போனபோது குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மல்லிகா குனிந்து, வெந்நீர் பக்கெட்டுக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தாள்.

கையை அல்ல... முழங்கையை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், இல்லையா?

“இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தணும். எழுந்துக்காதே, இரு” என்றாள்.

“கையில எனக்கு நல்லாத் தெரியுது மல்லிகா. நானே பாத்துக்கிறேன்” என்றான் அவன்.

“நீ பாத்தது போதும்.”

அவன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். முப்பது வருடமாகக் கொதிக்கும் தொட்டிக்கு முன்னால் நின்றவன். மேலே எழும் ஆவியில் புறங்கையை ஒரு நொடி நீட்டிவிட்டு, “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்பான். சரியாக இருக்கும். அவன் வைத்த சூட்டில்தான் அரக்கு நிறம் அரக்காகவே இறங்கும் என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவன் குளிக்கிற தண்ணீரை அவன் மனைவி நம்பி அவனிடம் விடுவதில்லை.

அந்த வீட்டில் அந்த விஷயத்தைப் பற்றி வாய் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. பத்து மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். போன பங்குனியில் இதே பக்கத்தில், ‘பஞ்சு மேல் நடந்தவர்’ என்று ஒரு பத்தி எழுதினேன். உச்சி வெயிலில், கோயில் பிரகாரத்தில், கொதிக்கும் கருங்கல் மேல் நிதானமாக நடந்த ஒரு நண்பரைப் பற்றி. உங்களில் பலர் கடிதம் போட்டீர்கள். “கண் கலங்கிவிட்டது” என்றார் ஒரு அம்மா. “என் மகனுக்குப் படித்துக் காட்டினேன்” என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மறக்கவில்லை.

அந்த நண்பர்தான் தணிகாசலம். அன்று பத்தி முழுக்க ‘அவர்’ என்று எழுதினேன். இன்று ‘அவன்’ என்றே எழுதுகிறேன். அவ்வளவு மரியாதை கொடுத்துத்தான் அவனைக் கெடுத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலைச் சாயவேலை முடிந்து, அடுப்பை அணைத்து, நூலை நிழலில் காயப்போட்டுவிட்டு வர அவனுக்குப் பதினோரு மணி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் கோயிலுக்குப் போவோம். எந்தக் கோயில் என்பது வேண்டாம். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் கோயில்தான். தரிசனம் முடித்து வெளிப் பிரகாரம் சுற்ற வந்தபோது பன்னிரண்டு நெருங்கிவிட்டது. வெயில் நேராகத் தலையில் இறங்கியது.

பிரகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு நீளமாகப் போட்டிருந்தார்கள். ஆனால் கூட்டம். வெளியூர் பஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. எல்லோரும் அந்த ஒரு விரிப்பில்தான் இடித்துக்கொண்டு போனார்கள். இடம் கிடைக்காதவர்கள் கல்லில் கால் வைத்து, ‘ஆ... ஊ...’ என்று குதித்து, மறுபடி விரிப்புக்கே ஓடினார்கள். நானும் குதித்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில், நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால்... தணிகாசலம் வெறுங்கல்லில் நடந்து வருகிறான். விரிப்பிலிருந்து இரண்டடி தள்ளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்தபடி... ஏதோ சாயங்காலம் காற்று வாங்க வந்தவன் மாதிரி.

“டேய், சுடலையாடா?” என்று கத்தினேன்.

“இன்னாடா?”

“கல்லு சுடலையா?”

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “எங்கடா சுடுது? எனக்குப் பஞ்சு மேல நடக்குற மாதிரிதான் இருக்குது” என்றான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற வெளியூர் அம்மா ஒருவர் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் மூன்று வருடம் பௌதிகம் படித்தவன் நான். அந்த அறிவையும் பத்தியில் கொஞ்சம் தூவினேன். ஒரே வெயில்தான் கல்லுக்கும் நார் விரிப்புக்கும். பின் ஏன் கல் மட்டும் சுடுகிறது? விரிப்பில் நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள கொஞ்சச் சூடு காலுக்கு வந்ததோடு சரி, பின்னாலிருந்து சூடு வர வழியில்லை. கல் அப்படியில்லை. காலையிலிருந்து வாங்கி வாங்கி உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. மேலே இருந்த சூடு காலுக்குப் போனால், அடியிலிருந்து உடனே இன்னொரு பங்கு மேலே வரும். கால் அங்கே இருக்கிற வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்தேன்: கல்லின் சூடு எல்லோர் காலுக்கும் ஒன்றுதான், மனம் வேறு எங்கோ இருப்பவரை அது தொடுவதில்லை.

எவ்வளவு அழகான வாக்கியம்! எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

கல்லிலிருந்து காலுக்குச் சூடு எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. போன சூடு காலில் என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை. அவனுக்குச் சுடவில்லை என்றால், சூடு அவனுக்குள் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பௌதிகம் படித்தவன்!

எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒருநாள், ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான் தணிகாசலம். மற்றொரு செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, இவனுக்குத் தெரியவில்லை. தெருவே சிரித்தது. “ஏன்டா, ஒத்தக் கால்ல செருப்பு இல்லாதது கூடவா தெரியாது?” என்று நானும் சிரித்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான். தெரியவில்லை என்றுதானே அவன் சொன்னான்? எங்களில் ஒருவர் கூட அதைக் காதில் வாங்கவில்லை.

பத்தி வந்தது. தணிகாசலம் பத்துப் பிரதி வாங்கினான். ஒன்றை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினான், சாமி படத்துக்குப் பக்கத்தில். பட்டறைக்கு நூல் கொண்டு வருகிறவர்கள், தறிக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர் – எல்லோருக்கும் காட்டினான். பெயர் போடாமல்தான் எழுதியிருந்தேன். “இது யாரு தெரியுதா?” என்று அவனே கேட்டு, அவனே சிரிப்பான்.

ஒரு சாயக்காரனைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? புடவையைப் பார்த்து நெய்தவனைப் பாராட்டுவார்கள், கடைக்காரனைப் பாராட்டுவார்கள். நிறம் தானாகவே வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் பெருமையாக இருந்தது.

சித்திரை வந்தது. கத்திரி வெயில். மல்லிகாவின் அண்ணன் ஆரணியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அன்று நான் ஊரில் இல்லை. இனி சொல்வதெல்லாம் மல்லிகா பிற்பாடு எனக்குச் சொன்னது.

அண்ணன் கூடத்தில் மாட்டியிருந்ததைப் படித்துவிட்டு, “மாப்ளே, இது நீங்களா!” என்று வாயைப் பிளந்தாராம். “வாங்க, இப்பவே போலாம். நாங்களும் பாக்கணும்” என்றாராம். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் இவன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“வெயில் கொளுத்துது, சாயங்காலம் போங்களேன்” என்றிருக்கிறாள் மல்லிகா.

“சாயங்காலம் போனா அதுல இன்னா இருக்குது?”

அன்று பிரகாரத்தில் கூட்டமே இல்லை. விரிப்பு முழுக்கக் காலியாக இருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பாதை வேறு – வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அவ்வளவாகச் சுடாது. அண்ணன் குடும்பம் விரிப்பில் நடந்தது. இவன் மட்டும் வேண்டுமென்றே ஒதுங்கி, பெயிண்ட் அடிக்காத கருங்கல்லில் இறங்கினான்.

முதல் சுற்றில் அண்ணன் கைதட்டினார். பிள்ளைகள் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் அண்ணனே, “போதும் மாப்ளே, வந்துடுங்க” என்றார். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்தபடி மூன்றாவது சுற்றும் போனான்.

நான் எப்படி எழுதியிருந்தேனோ, அப்படியே நடந்திருக்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு... கோபுரத்தைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், அண்ணன் குடும்பம் ஆரணிக்கு பஸ் ஏறிப் போனது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம், கூடத்து டைல்ஸில் சிவப்பாகக் காலடித் தடம் இருப்பதை மல்லிகா பார்த்தாள்.

“பட்டறையிலேருந்து வந்தா காலைக் கழுவிக்கினு வரத் தெரியாதா? பாரு, வீடெல்லாம் அரக்கு” என்று திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தாள். முப்பது வருடமாக அந்த வீட்டில் நடக்கிற சண்டைதான் அது. ஒருநாள் அரக்கு, ஒருநாள் மஞ்சள், ஒருநாள் கத்தரிப்பூ. இவனும் வழக்கம்போல, “சரி சரி, விடு” என்றான்.

மறுநாள் காலையும் தடம் இருந்தது. அவள் மறுபடி துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது – நேற்றிலிருந்து இவன் பட்டறைக்கே போகவில்லையே?

“காலைக் காட்டு” என்றாள்.

“ஏன்?”

“காட்டுன்னா காட்டு.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினான். வலது பாதத்தில் கட்டை விரலுக்குக் கீழே தோல் மொத்தமாகக் கழன்று தொங்கியது. இடது பாதத்தில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். மல்லிகா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். தணிகாசலம் மட்டும் தன் பாதத்தை வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, “வலிக்கவே இல்லையே?” என்றானாம்.

வலிக்காததால்தான் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வலியில்லாத புண்ணுக்கு யார் அவசரப்படுவார்கள்? மஞ்சள் வைத்தார்கள், மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட் வாங்கித் தடவினார்கள். இரண்டு நாள் அந்தக் காலோடேயே நடமாடினான். மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தது. கால் முழங்கால் வரை வீங்கியது. அப்புறம்தான் ஆட்டோ பிடித்தார்கள்.

எனக்குத் தகவல் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா?

உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. ‘விரைவில் குணமாகட்டும்’ என்று மல்லிகாவின் செல்போனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். கட்டுரை ஒன்று முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பயம். என்னைக் கை காட்டிவிடுவார்களோ என்ற பயம். நண்பனின் கால் என்ன ஆகுமோ என்ற கவலை அதற்கு அடுத்ததாகத்தான் வந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் வரிசை அதுதான்.

மூன்றாவது நாள் போனேன். மல்லிகா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்கேன் கவர். நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை.

“அண்ணா, அவரு மொதல்ல கல்லுல நடந்த அன்னிக்கு நீங்க கூடவே இருந்தீங்க இல்ல?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அவருக்குச் சக்கரை இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரியாமல் என்ன? பதினைந்து வருடமாக அவனும் நானும் ஒரே கடையில் டீ குடிக்கிறோம். “ஒண்ணு சக்கரை இல்லாம” என்று சொல்வது நான்தான்.

“தெரியும்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, ஸ்கேன் கவரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் போல என் வாழ்க்கையில் நீளமான அரைமணி நேரம் வேறு இல்லை.

டாக்டர் வந்தார், அவர் பின்னாலேயே நாங்களும் வார்டுக்குள் போனோம். நாற்பது வயது இருக்கும் பெண்மணி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தணிகாசலத்தின் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து அவன் பாதத்தில் இங்கும் அங்குமாகக் குத்தி, “தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்டை விரல்... குதிகால்... பாதத்தின் நடு... அவன் கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தான். அவர் முடித்தே விட்டார்.

“நடக்கும்போது எப்படி இருக்கும்னு சொல்லுங்க.”

“எப்பவும் போலத்தான் மேடம். பஞ்சு மேல நடக்குற மாதிரி.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமாவே இருக்குது.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “சுகர் ரொம்ப நாளா கட்டுக்குள்ள இல்லாட்டி கால் நரம்பு செத்துப்போகும். வர்றவங்க பாதிப் பேர் இந்த வார்த்தையைத்தான் சொல்வாங்க – பஞ்சு மேல நடக்குற மாதிரி. அப்பவே வந்திருக்கணும்” என்றார்.

மல்லிகா மெதுவாகச் சொன்னாள்: “இவர்கூட அப்படித்தான் மேடம் எழுதினாரு. புக்குல வந்துது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். மல்லிகா செல்போனில் இருந்த அந்தப் பத்தியின் போட்டோவை எடுத்து நீட்டினாள். அவர் நின்றபடியே, விரலால் பெரிதாக்கி, முழுதாகப் படித்தார். சுவரில் ஏதாவது பல்லி ஓடினால் நன்றாக இருக்கும் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்” என்றார். “எங்க கேஸ் ஷீட்டுல கூட இவ்வளவு விவரமா இருக்காது. நோயோட பேர் மட்டும்தான் இல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் நான்தான் கேட்டேன், ஒரே கல்லில் அத்தனை பேர் நடந்தார்களே, இவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். சூடு பட்ட மறுநொடி நாம் காலை எடுத்துவிடுகிறோம். கல் கொடுக்க நினைத்ததில் பாதியைக்கூட வாங்குவதில்லை. அந்தக் குதியும் ஓட்டமும்தான் காப்பாற்றுகிறது. இவர் நிதானமாக, முழு உடம்புப் பாரத்தையும் வைத்து, ஒவ்வொரு அடியையும் நிறுத்தி வைத்திருக்கிறார். அதோடு, நல்ல காலில் ரத்தம் ஓடி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். இவருக்குப் பாதத்துக்கு வரும் ரத்தமே குறைவு. வந்த சூடு வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

“சுடுதுன்னு நமக்குத் தெரியறதுக்காகச் சூடு காத்திருக்காது சார். அது பாட்டுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும்” என்றார்.

வலது காலில் கட்டை விரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிது என்றார்கள். புண் ஆற மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. இப்போது எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற ஒன்றை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடக்கிறான். தொட்டிக்கு முன்னால் நிற்க முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்களுக்குச் சொல்கிறான். ஆவியில் கை நீட்டுவதற்காக ஒருவர் அவனைத் தாங்கிப் பிடித்து எழுப்ப வேண்டியிருக்கிறது. கோயிலுக்கு விடிகாலையில் போகிறான், கல் குளிர்ந்து கிடக்கிற நேரத்தில், காலில் தடித்த சாக்ஸோடு.

லேமினேட் செய்த அந்தப் பக்கம் இன்னமும் கூடத்தில்தான் தொங்குகிறது. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மல்லிகா கழற்றிவிட்டாளாம். வந்ததும் மாட்டச் சொன்னானாம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதெல்லாம் நான் முதுகை அந்தப் பக்கம் காட்டித்தான் உட்காருகிறேன்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். “சுடலையா?” என்றால், “பழகிடுச்சு” என்பார்கள். நாம் உச்சுக்கொட்டி, மெச்சிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஒருத்தர் வலிக்கவில்லை என்று சொன்னால் நமக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! மேற்கொண்டு கேட்க வேண்டாம் அல்லவா? கேட்காமல் இருப்பதற்கு மரியாதை என்றும் ஒரு பெயர் வைத்துவிடலாம்.

நான் அதைத்தான் செய்தேன். அவன் சொன்னது அவன் உடம்பைப் பற்றிய ஒரு தகவல். நேராக, ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். அதைப் பிடுங்கி ஒரு தலைப்பாக்கிக்கொண்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பத்தியும் பொய்யாகிவிடும்.

அன்று முதலில் எழுதிய படியில் ஒரு வரி இருந்தது. ‘பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்’ என்று. எழுதினேன். படித்துப் பார்த்தேன். கோபுரத்தைப் பார்த்து நடக்கிற மனிதருக்கு அது பொருந்தவில்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்றெல்லாம் ஞாபகம் வருகிறது, அழகு கெடுகிறது என்று அடித்துவிட்டேன். அந்த வரி இருந்திருந்தால்? இந்தப் பக்கத்தைப் படிக்கிற டாக்டர்கள் எத்தனை பேர், நர்ஸ்கள் எத்தனை பேர்! ‘ஐயா, உங்கள் நண்பரை உடனே காலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்’ என்று ஒருவராவது ஒரு கார்டு போட்டிருக்க மாட்டாரா? பத்தி வந்ததற்கும் அவன் போய் நடந்து காட்டியதற்கும் நடுவில் ஒரு மாதம் இருந்ததே...

இதை நான் மல்லிகாவிடம் சொல்லவில்லை. தணிகாசலத்திடமும் பத்து மாதமாகச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன்.

அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மல்லிகா அவன் எதிரே மணை போட்டு உட்கார்ந்து, அவன் காலை மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்து, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை பார்க்கிறாள். பார்த்து முடித்து உள்ளே போனதும், நான் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“தணிகா... அப்போ எழுதினதுல ஒரு வரியை அடிச்சிட்டேன்டா” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். என்ன வரி, ஏன் அடித்தேன் என்பது வரை.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். துண்டு கொஞ்ச நேரம் தலைமேலேயே நின்றது. முகம் தெரியவில்லை. உள்ளே குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது.

“அடிக்காம இருந்திருந்தா, அதை நான் மாட்டியிருக்க மாட்டேன்டா. யாருக்கும் காட்டியும் இருக்க மாட்டேன்” என்றான் கடைசியில். “போயி நடந்தும் காட்டியிருக்க மாட்டேன்.”



“அதைத் திருப்பி எழுதணும்னு இருக்கேன். நடந்ததை எல்லாம். உன் பேரை மாத்திடறேன். எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுது.”

“கோவம் இல்லையா உனக்கு?”

“இருக்குதுடா. இல்லாம எங்க போவும்? நீ ஆஸ்பத்திரிக்கு வராம இருந்த ரெண்டு நாளுக்குத்தான் அதிகமா இருக்குது.” துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டான். “ஆனா இந்த தபா என்னைப் பெரிய மனுசன், மகான்னுலாம் எழுதி வெக்காதே.”

“வேற என்னன்னு எழுதட்டும்?”

“சக்கரைக்காரன்னு எழுதுபா” என்றான்.